நிலையில் விழுந்த நீலம்

"சுவருக்கெல்லாம் புதுச்சட்டை போட்டுட்டிய. வாசல் நிலைக்கு மட்டும் ஏம்மா போடல?"

ரோஷ்லின் ஆறு வயதில் கேட்ட கேள்வி இது. திரேஸ்புரத்தில் வீடு கட்டி, முதன்முதலாகப் பெயிண்ட் அடித்து முடித்த நாளில், தெருவில் நின்று வீட்டை அண்ணாந்து பார்த்துக்கொண்டே கேட்டாள். அம்மா டெல்பின் வாசலைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, "அது பெறக்கும்போதே சட்டையோட பெறந்தது மக்கா. மேல இன்னொண்ணு போட்டா அதுக்குப் புழுங்கும்" என்றாள்.

பிள்ளைகள் அறிவான பதிலைவிட அன்பான பதிலைச் சீக்கிரம் நம்பிவிடுகிறார்கள். அன்றிலிருந்து ரோஷ்லின் பள்ளிக்கூடம் போகும்போதெல்லாம் அந்தக் கறுத்த மரத்தை ஒரு தடவு தடவிவிட்டுத்தான் படியிறங்குவாள்.

மூன்று வருஷம் போயிருந்தது. இந்தச் சனிக்கிழமை காலையில் வாசல் தெளிக்கக் கதவைத் திறந்த டெல்பின், வாளியும் கையுமாக அப்படியே நின்றுவிட்டாள்.

நிலை சட்டை போட்டிருந்தது. நீலச் சட்டை. அதுவும் கிழிந்த சட்டை.

வலது பக்கக் கட்டையில் மெழுகுவர்த்தி உருகியதுபோல் நீலம் சொட்டுச் சொட்டாக இறங்கியிருந்தது. இடது பக்கத்தில் ஒரு முழு உள்ளங்கை பதிந்திருந்தது. மேல்கட்டையில் செதுக்கியிருந்த சின்னச் சிலுவைக்குக் குறுக்கே ஒரே இழுப்பாக ஒரு பட்டை. சிலுவையின் இரண்டு பக்கமும் ஓடிய அலைவரிகளுக்குள் பெயிண்ட் புகுந்து உட்கார்ந்திருந்தது.

வேறு எந்த மரத்தில் பட்டிருந்தாலும் சிரித்திருப்பாள். இந்த நிலையில் படக்கூடாது. அதுவும் இன்றைக்குப் படக்கூடாது.

இந்தக் குடும்பத்தோடு கூடவே வருகிறவர்களுக்குக் காரணம் தெரியும். புதிதாக வந்து உட்காருகிறவர்களுக்காகச் சொல்கிறேன். இந்த நிலையைச் செய்து கொடுத்தவர் ஜெரால்டு. டெல்பினுடைய கணவன் பர்னபாஸின் அக்கா பிளாரன்ஸைக் கட்டியவர். கீழவைப்பாரில் வள்ளம் பழுது பார்ப்பது, வீட்டுக்குக் கதவு ஜன்னல் செய்வது என்று தச்சுவேலை பார்க்கிறார். மைத்துனன் வீடு கட்டுகிறான் என்றதும் யாரும் கேட்காமலேயே நிலையைச் செய்து, வேனில் ஏற்றிக் கொண்டுவந்து, தன் கையாலேயே நிறுத்திக் கொடுத்தார்.

சாமியார் வந்து செபம் சொல்லி வீடு மந்திரித்த அன்று விருந்து. இலை போட்டாகிவிட்டது. பத்துப் பேர் நடுவில் பர்னபாஸ் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "எங்க அத்தான் கடக்கரையில ஒதுங்குன பலகையெல்லாம் பொறுக்கி எனக்கு நிலை பண்ணிட்டாரு. உத்துப் பாருங்க, இன்னும் உப்புத் தண்ணி சொட்டுது" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். ஜெரால்டும் சிரித்தார். பிறகு சோற்றில் கை வைக்காமல் எழுந்து, மனைவியைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

கேலியாகத்தான் சொன்னான். அடுத்த நாளே போய் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். பர்னபாஸ் போகவில்லை. நாள் வாரமாகி, வாரம் வருஷமாகிவிட்டது.

நாளை ஞாயிற்றுக்கிழமை ரோஷ்லினுக்குப் புதுநன்மை. முதல்முதலாக நற்கருணை வாங்கப்போகிற பிள்ளை, யாரையும் கேட்காமல் அத்தைக்குப் போன் போட்டு, "நீங்களும் மாமாவும் வரலன்னா எனக்கு வெள்ளைக் கவுனே வேண்டாம்" என்று சொல்லிவிட்டாள். சென்ற வாரம் அந்தப் பக்கமிருந்து பதில் வந்தது. வருகிறார்கள். சனிக்கிழமை சாயந்தரம் வந்து, இரவு தங்கி, பூசை பார்த்துவிட்டுப் போவார்கள்.

அவர்கள் வந்து ஏறுகிற வாசலில்தான் இந்த நீலம்.

டெல்பின் உள்ளே போய்ப் பர்னபாஸை எழுப்பி, கையைப் பிடித்துக் கூட்டிவந்து நிறுத்தினாள். அவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தான்.

"லேசாப் பட்டுருக்கு" என்றான்.

"லேசாவா?"

"இருட்டிட்டுல்லா. சரியாத் தெரியல."

நடந்தது இதுதான். இது மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. கரையேற்றி, சுரண்டி, பழுது பார்த்து, பெயிண்ட் அடிக்கிற காலம் அது. படகுக்கு அடித்து மிஞ்சுகிற பெயிண்ட் எப்படியும் யாராவது ஒருவருடைய வீட்டுச் சுவரில் போய்ச் சேரும். அதனால் தடைக்காலம் முடியும்போது தெருவே படகுத்துறை மாதிரி நீலமும் பச்சையுமாக நிற்கும். அக்கா வருகிறாளே, வீட்டு முகப்பு பளிச்சென்று இருக்கட்டும் என்று நினைத்து, பர்னபாஸ் நேற்றுச் சாயந்தரம் மிச்ச டப்பாவோடு வந்திருக்கிறான். டெல்பின் புதுநன்மைப் பிள்ளைகளின் ஒத்திகைக்குக் கோயிலுக்குப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது இருட்டிவிட்டது.

வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறவன் நிலையில் தாள் ஒட்டி மறைப்பான். சின்னப் பிரஷ் எடுப்பான். பர்னபாஸுக்குப் படகுக்கு அடித்துத்தான் பழக்கம். அகலப் பிரஷை முக்கி எடுப்பான், நீள இழுப்பாக இழுப்பான், பிரஷ் கனத்தால் தோளுக்குப் பின்னால் ஒரு உதறு உதறுவான். படகில் மறைக்க வேண்டிய இடம் என்று எதுவும் கிடையாது. உதறினால் பின்னால் மணல்தான்.

"கடல்ல வருஷம் பூரா கெடந்தாலும் போகாத பெயிண்டு ஏளா அது" என்றான், அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. பிறகு அவள் முகத்தைப் பார்த்து, பெருமையை விட்டுவிட்டு ஒரு யோசனை சொன்னான். மொத்த நிலைக்கும் நீலமே அடித்துவிட்டால் என்ன? வேண்டுமென்றே செய்ததுபோல் ஆகிவிடும்.

"அதத்தான் நானும் சொல்லுதேன்" என்றாள் டெல்பின். "வேணும்னே செஞ்சதாத்தான் ஆயிரும். ஜெரால்டு அண்ணன் செஞ்ச வேலைய மறைக்கணும்னே பூசுனது மாதிரி. பெறகு அவிய இந்தப் படி ஏறவே மாட்டாவ."

மூன்று வருஷமாகப் பர்னபாஸ் வெளியே காட்டாத பயமும் அதுதான். விறுவிறுவென்று பின்கட்டுக்குப் போய், பெயிண்டைக் கரைக்கிற தின்னர் போத்தலோடு வந்தான். கீழ் மூலையில் கொஞ்சம் ஊற்றித் தேய்த்தான். நீலம் போனது. கூடவே மரத்தின் கறுப்பும் போய், அந்த இடம் எலும்பு மாதிரி வெளிறி நின்றது.

"தம்பி, அந்தப் போத்தலக் கீழ வையி."

குரல் எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து வந்தது. பிச்சம்மாள். ஏரல் பக்கம் ஆற்றங்கரை வயல்காட்டுக் குடும்பம். கணவர் சங்கரலிங்கத்துக்குத் துறைமுகத்தில் வேலை என்பதால் இந்தத் தெருவுக்கு வந்து சேர்ந்தவள். போன மாதம்தான் அந்த ஜன்னலுக்குப் புது மரம் போட்டார்கள். சங்கரலிங்கம் லீவு எடுத்து உட்கார்ந்து பாலிஷ் போட்டார். ரோஷ்லினுடைய பந்து ஒருநாள் அதில் பட்டதற்கு அவள் போட்ட சத்தம் தெரு முழுக்கக் கேட்டது. அப்படிப்பட்டவள் இன்றைக்கு அமைதியாகத்தான் பேசினாள். தன் அண்ணன் வீட்டு பீரோவில் இப்படித்தான் தின்னர் ஊற்றி, பெயிண்டும் போய்ப் பாலிஷும் போய், இன்றைக்கும் அது வெள்ளை வட்டத்தோடு நிற்கிறதாம்.

பர்னபாஸ் போத்தலைக் கீழே வைத்தான். வைத்த அந்தக் கையை டெல்பின் பார்த்தாள்.

கை நீலமாக இருந்தது.

தடைக்காலம் வந்தால் பர்னபாஸின் கை அப்படித்தான் இருக்கும். மண்ணெண்ணெய் போட்டுக் கழுவினால் வெடிப்பில் எரிகிறது என்பான். அதனால் சாயந்தரம் வந்ததும் டெல்பின் அவனை உட்காரவைத்து, விரல் விரலாகத் தேங்காயெண்ணெய் தேய்த்து, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, வெந்நீரில் பிழிந்த துணியால் துடைத்துவிடுவாள். எந்தப் பெயிண்ட் ஆனாலும் உரிந்து வந்துவிடும். தோலுக்கு ஒன்றும் ஆகாது. நேற்று அவள் கோயிலில் இருந்ததால் அது நடக்கவில்லை.

"கைக்கு ஆகுறது மரத்துக்கு ஆகாதா?" என்றாள்.

அவன் புரியாமல் பார்த்தான். அவள் குசினிக்குப் போய் எண்ணெய்க் கிண்ணத்தையும் பழைய பனியன் துணியையும் எடுத்து வந்தாள். நல்ல இடத்தில் கை வைக்காமல், கதவு மூடினால் மறைகிற உள்மூலையில் இருந்த ஒரு சொட்டின் மேல் எண்ணெயைத் தடவி, துணியை வெந்நீரில் பிழிந்து ஒற்றி, அப்படியே வைத்துக்கொண்டு நின்றாள். வாய்க்குள் ஒரு அருள்நிறை மரியே செபம் சொன்னாள். ஒன்று போதவில்லை. இன்னும் சில சொன்னாள். பிறகு நகத்தால் ஓரத்தை லேசாக நெம்பினாள்.

சொட்டு முழுசாக, மீன் செதில் மாதிரி கழன்று அவள் உள்ளங்கையில் விழுந்தது. அடியில் மரம் பழைய கறுப்போடு மினுங்கியது.

ரெண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துவிட்டார்கள். விடிந்ததிலிருந்து அதுதான் முதல் சிரிப்பு.

பிறகு வேலை மும்முரமானது. இரும்புச் சுரண்டி வேண்டாம், மரம் கீறும் என்றாள் டெல்பின். ரோஷ்லின் தன் போன வருஷத்துப் பள்ளி அடையாள அட்டையைக் கொண்டுவந்து கொடுத்தாள். அந்தப் பிளாஸ்டிக் அட்டையின் ஓரம் அளவாக இருந்தது. மரத்தின் ரேகை போகிற பக்கமாகவே தள்ள வேண்டும், குறுக்கே போகக்கூடாது. அலைவரிகளுக்குள் புகுந்ததை எடுக்க விளக்குமாற்று ஈர்க்கு. ஒவ்வொரு சொட்டுக்கும் எண்ணெய், சூட்டுத் துணி, பொறுமை. பிள்ளையும் தொட வந்தது. நாளைக்கு சிறகெல்லாம் நீலமான சம்மனசாகத்தான் கோயிலுக்குப் போகவேண்டும் என்று சொல்லி டெல்பின் அவளை விரட்டிவிட்டாள்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. பிளாரன்ஸ். குரலில் தயக்கமும் சந்தோஷமும் கலந்திருந்தது. வீட்டில் இருப்புக்கொள்ளவில்லையாம். மத்தியானமே வந்துவிடுகிறார்களாம். பெரிதாக எதுவும் சமைக்க வேண்டாமாம்.

டெல்பின் போனை வைத்துவிட்டு நிலையைப் பார்த்தாள். பாதிகூட முடியவில்லை. சந்தையில் வாங்கிய விளைமீன் அப்படியே தண்ணீரில் கிடந்தது. உலை வைக்கவில்லை. சாயந்தரம் என்று கணக்குப் போட்டிருந்த வேலையெல்லாம் மத்தியானத்துக்குள் வந்து முட்டியது.

பிச்சம்மாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தெருவைத் தாண்டி வந்தாள். யாரும் கூப்பிடவில்லை. "நீ நிலையப் பாரு. குசினிய நான் பாக்கேன்" என்றாள்.

டெல்பின் தயங்கினாள். எதிர்வீட்டில் இருக்கிறவர்கள் என்ற அளவில்தான் அவர்கள் பழக்கம். பண்டிகைக்குப் பலகாரத் தட்டு போகும், வரும். அவ்வளவுதான். பிச்சம்மாள் அந்தத் தயக்கத்தை மதிக்கவே இல்லை. உள்ளே போய்ப் பானையைத் தேட ஆரம்பித்தாள். வீட்டில் பெரிய சட்டி இல்லை என்று கண்டு, தன் வீட்டு மண்சட்டியையே எடுத்து வந்தாள். கடற்கரைக்காரர்கள் மீனுக்கு மாங்காய் போடுகிற விதமே சரியில்லை என்று சொல்லிக்கொண்டே அம்மிப் பக்கம் போனாள்.

குழம்பு கொதிக்கும்போது கரண்டியில் கொஞ்சம் ஏந்திக்கொண்டு வாசலுக்கே வந்தாள். "உப்புப் பாரு ஏளா. எனக்கு இன்னைக்கு வாய் சரியில்ல."

டெல்பின் எண்ணெய்க் கையை விரித்துக்கொண்டு, குழந்தை மாதிரி வாயைத் திறந்து ருசி பார்த்தாள். நன்றாக இருந்தது. தன் குழம்பைவிட நன்றாக இருந்தது என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள்.

அந்த நேரத்தில்தான் பர்னபாஸ் அட்டையை நிறுத்தினான்.

வலது பக்கக் கட்டையில், தோள் உயரத்தில், பெரிய நீலத் திட்டு ஒன்று இருந்தது. அதை எண்ணெய் ஊறவைத்து உரித்திருந்தான். அடியில், இலை வடிவத்தில் ஒரு ஒட்டு தெரிந்தது. மரத்தில் எப்போதோ விழுந்த ஆழமான வெட்டில் வேறு மரத்துண்டைச் சேர்த்து, இழைத்து, மூன்று செப்பு ஆணி அடித்திருந்தார்கள். ஆணித்தலைகள் எண்ணெயில் மினுங்கின.

அவன் அந்த ஒட்டின் மேல் விரலை வைத்தான். எடுக்கவில்லை.

"என்ன?" என்றாள் டெல்பின்.

"இது நான் போட்ட வெட்டு."

அவளுக்கு விளங்கவில்லை. அவன் திரும்பாமலே சொன்னான். ஜெரால்டு சொந்த வள்ளத்தில் கடலுக்கும் போன நாட்கள் அவை; பத்தொன்பது வயதில் பர்னபாஸும் கூடப் போய்க்கொண்டிருந்தான். ஒருநாள் நான் கரைக்குக் கொண்டுவருகிறேன் என்று அடம்பிடித்து வாங்கி, அலையைத் தடுக்கக் கொட்டிய தூண்டில் வளைவுக் கல்லில் கொண்டுபோய் மோதிவிட்டான். விளிம்புக் கட்டை பிளந்துபோனது. ஜெரால்டு ஒரு வார்த்தை திட்டவில்லை. உனக்கு அடி படவில்லையே என்று மட்டும் கேட்டுவிட்டு, ஒட்டுப்போட்டு, மூன்று ஆணி அடித்தார்.

"இது அத்தானோட வள்ளம். வித்துட்டேன்னு எல்லார்கிட்டயும் சொன்னாரு. விக்கல ஏளா. பிரிச்சு எனக்கு நிலை செஞ்சிருக்காரு."

கடலில் போகிறவனுக்குப் படகின் தழும்பு பெற்ற பிள்ளையின் மச்சம் மாதிரி. எந்தக் கூட்டத்திலும் அடையாளம் தெரியும். மூன்று வருஷமாக இந்த வாசலில் போய் வந்தவன், ஒருநாளும் பக்கத்தில் நின்று பார்க்கவில்லை. பொறுக்கிய பலகை என்று சொன்ன வாய்க்கு, கண்ணும் துணை போயிருந்தது. நம்மில் பல பேர் வீட்டில் இப்படித்தான். அருமையான பொருள் வாசலிலேயே நிற்கும். அதில் ஏதாவது அழுக்குப் பட்டு, துடைக்க உட்காரும்போதுதான் அதைப் பார்க்கவே செய்கிறோம்.

டெல்பின் சூட்டுத் துணியைப் பிழிந்து அவன் கையில் கொடுத்தாள். அவன் வாங்கிக்கொண்டு, முன்பைவிட மெதுவாக, முன்பைவிடப் பதமாகத் துடைக்க ஆரம்பித்தான்.

ஆட்டோ வந்து நின்றபோது எல்லாம் முடிந்திருக்கவில்லை. மேல்கட்டையின் அலைவரியில் ஒரு நூல் அளவுக்கு நீலம் பாக்கி இருந்தது. கீழ் மூலையில் தின்னர் பட்ட வெளிறல் அப்படியே இருந்தது. பிச்சம்மாள் குழம்பை இறக்கி வைத்துவிட்டு எந்த நேரத்தில் போனாள் என்று யாருக்கும் தெரியாது.

ரோஷ்லின் ஓடிப்போய் அத்தையின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். பிளாரன்ஸ் பிள்ளையின் தலையில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றாள். பின்னால் ஜெரால்டு இறங்கினார். தலை முன்பைவிட நரைத்திருந்தது. கக்கத்தில் பழைய பாய்த்துணியில் சுற்றிய நீளமான பொதி ஒன்று.

படிக்குக் கீழே நின்று அவர் நிலையைப் பார்த்தார். மேலிருந்து கீழ்வரை பார்த்தார். எண்ணெய் வழிகிற மரம், படியெல்லாம் நீலச் செதில், கையில் அட்டையோடு மைத்துனன். பர்னபாஸ் ஏதாவது கேலி பேசி மழுப்பப் போகிறானோ என்று டெல்பின் பயந்தாள்.

பர்னபாஸ் படியிறங்கி வந்தான்.

"அத்தான், நேத்துப் பெயிண்டு அடிச்சு நாசமாக்கிட்டேன். காலையிலேருந்து எடுத்துக்கிட்டு இருக்கோம். மூலையில தின்னர் ஊத்திக் கெடுத்ததும் நாந்தான்." கையிலிருந்த அட்டையைப் படியில் வைத்தான். "அந்த ஒட்டப் பாத்துட்டேன்."

ஜெரால்டு படியேறி, கட்டைவிரலால் ஒட்டைத் தடவினார். பிறகு மேல்கட்டையில் பாக்கி இருந்த நீல நூலைக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்.

"எந்தப் பெயிண்டு?"

"போட்டுப் பெயிண்டு."

ஜெரால்டின் தோள் லேசாகக் குலுங்கியது. சிரிக்கிறார் என்று தெரிய டெல்பினுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"விளிம்புக் கட்ட ரெண்டும் உன் வாசலுக்கு ரெண்டு பக்கம். அடிக்கட்ட மேல. விளிம்புக்கு வருஷா வருஷம் நான் அடிச்சது என்ன கலரு, ஞாவகம் இருக்கா ஏலே?"

பர்னபாஸுக்கு ஞாபகம் வந்துவிட்டது. நீலம்.

"மீனெண்ணெய் குடிச்ச மரத்துல பெயிண்டு நிக்காது. அதான் வருஷா வருஷம் அடிக்க வேண்டியிருந்துச்சு, அதான் இன்னைக்கு உனக்கும் லேசா வந்துட்டு. அந்த ஒரு கோட்ட மட்டும் எடுக்காத. அது கெடக்கட்டும்." கீழ் மூலையைக் காலால் சுட்டிக்காட்டினார். "இதுக்கு எண்ண கொடுத்தா நாளாவட்டத்துல கறுத்துரும்." பிறகு உள்ளே எட்டிப் பார்த்து மோந்தார். "சோறு ஆயிட்டா? பசிக்கி."

பர்னபாஸ் அவர் கையைப் பிடித்தான். எண்ணெயும் நீலமும் அவர் கையிலும் ஒட்டிக்கொண்டது. இரண்டு பேரும் அதைக் கழுவுவதற்கே நெடுநேரம் எடுத்துக்கொண்டார்கள். மூன்று வருஷத்துக்கு முன் எழுந்துபோன இடத்திலேயே ஜெரால்டு உட்கார்ந்தார். மாங்காய் போட்ட மீன் குழம்பை இரண்டு முறை கேட்டு வாங்கினார். யார் வைத்தது என்று பிளாரன்ஸ் கேட்க, ஆற்றங்கரைக் கையும் கடற்கரை மீனும் சேர்ந்து வைத்தது என்றாள் டெல்பின். வீட்டில் அன்று எழுந்த சிரிப்புச் சத்தம் வெகுநாளாகச் சாத்திக்கிடந்த அறையைத் திறந்தது போல் இருந்தது.

ஒன்று மட்டும் புரியவில்லை. பாய்த்துணிப் பொதியை ஜெரால்டு கட்டிலுக்கு அடியில் தள்ளிவைத்து, நாளைப் பூசை முடியும்வரை யாரும் தொடக்கூடாது என்று சொல்லியிருந்தார். குசினியில் பாத்திரம் கழுவும்போது டெல்பின் நாத்தனாரிடம் மெதுவாகக் கேட்டாள். பிளாரன்ஸ் சிரித்தாள். கண் மட்டும் ஏனோ கலங்கியிருந்தது.

"அதப் பிரிச்சா நீயும் எந்தம்பியும் எங்களுக்கு ஒரு பதில் சொல்லணும். இப்பமே கேக்காத."

அந்தப் பொதியின் கதையை இன்னொரு நாள் சொல்கிறேன்.

சாயந்தரம் எல்லோரும் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத்துக்குக் கோயிலுக்குக் கிளம்பினார்கள். டெல்பின் பின்னாலேயே வருவதாகச் சொல்லி நின்றுகொண்டாள். பிச்சம்மாளின் மண்சட்டியைக் கழுவி, வெறுமனே கொடுக்கக்கூடாது என்று, பிளாரன்ஸ் கொண்டுவந்த கருப்பட்டியில் ஒரு வட்டை உள்ளே வைத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனாள்.

கதவு பூட்டியிருந்தது. வாசலில் தலைக்கு ஊற்றிய கூந்தலிலிருந்து சொட்டிய தண்ணீர் காயாமல் ஈரமாக இருந்தது. பக்கத்து வீட்டுப் பையன், பிச்சம்மாள் அத்தையும் மாமாவும் சிவன் கோயிலுக்குப் போயிருக்கிறார்கள், இன்றைக்குச் சனிப்பிரதோஷம் என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் போய்விட்டான்.

டெல்பின் சட்டியோடு நின்றாள். பிரதோஷம். விடிந்ததிலிருந்து விரதம். எனக்கு வாய் சரியில்லை என்று கரண்டியை நீட்டியது அதனால்தான். விரத நாளில் மீனை அலசி, குழம்பு வைத்துக் கொடுத்துவிட்டு, மறுபடியும் தலைக்கு ஊற்றிக்கொண்டு கோயிலுக்குப் போயிருக்கிறாள்.

சட்டியைப் படியில் வைக்கக் குனிந்தாள். நிமிரும்போதுதான் ஜன்னலைப் பார்த்தாள்.

புது மரத்தில், சங்கரலிங்கம் பார்த்துப் பார்த்துப் பாலிஷ் போட்ட சட்டத்தில், நீலம் தெறித்திருந்தது. வரிசையாக, சின்னதும் பெரியதுமாக, குறுகலான தெருவின் எதிர்ப்பக்கம் நின்று பின்னால் பிரஷை உதறினால் விழுகிற மாதிரி. ஒரு சொட்டின் ஓரத்தில் நகம் வைத்து நெம்பிப் பார்த்த கீறல் இருந்தது. பிச்சம்மாள் நெம்பிப் பார்த்துவிட்டு அப்படியே விட்டிருக்கிறாள்.

காலையில் இந்த ஜன்னலில் நின்றுதான் அவள் தின்னர் போத்தலைக் கீழே வைக்கச் சொன்னாள். இந்தச் சொட்டுகளுக்கு மேல் கை ஊன்றி நின்றுதான். பந்து பட்டதற்குத் தெருவைக் கூட்டியவள், இன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. டெல்பின் வீட்டில் இன்றைக்கு எது பெரிது என்று பிச்சம்மாளுக்குத் தெரிந்திருந்தது.

டெல்பின் வீட்டுக்குத் திரும்பிப்போய் எண்ணெய்க் கிண்ணமும், நல்ல துணியும், செம்பில் வெந்நீரும், ரோஷ்லினின் அட்டையும் எடுத்து வந்தாள். வெளிச்சம் இன்னும் இருந்தது. தெருவில் ஆள் இல்லை. பாதிப் பேர் அந்தக் கோயிலிலும் பாதிப் பேர் இந்தக் கோயிலிலும் இருந்தார்கள்.

ஒவ்வொரு சொட்டாக ஊறவைத்தாள். இது வேறு மரம், மீனெண்ணெய் குடிக்காத மரம். லேசில் விடவில்லை. அவளும் அவசரப்படவில்லை. ரேகை போகிற பக்கமாகவே தள்ளினாள். உரிந்த செதில்களைக் கீழே விழவிடாமல் முந்தானையில் சேர்த்துக்கொண்டாள். கடைசிச் சொட்டும் போன பிறகு, எண்ணெய்ப் பசை தெரியாமல் இருக்க உலர்ந்த துணியால் சட்டம் முழுக்க மூன்று தரம் துடைத்தாள்.

அந்த நகக்கீறல் மட்டும் மெல்லிசாகத் தெரிந்தது. விரல் நுனியில் ஒரு துளி எண்ணெய் தொட்டு அதன் மேல் வைத்துத் தேய்த்தாள். அதுவும் மறைந்தது.

பிறகு வீட்டுக்குப் போய்க் கையைக் கழுவி, தலையில் முக்காடு இழுத்துக்கொண்டு கோயிலுக்கு நடந்தாள். வரிசையில் கடைசி ஆளாக முழங்காலிட்டபோது, கூப்பிய கையில் இன்னும் தேங்காயெண்ணெய் வாசம் இருந்தது.